வால்வுப் பெட்டி வாங்கலாமா?

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

ஒலிபெருக்கிச் சத்தம் கேட்காத ஊர் நாஞ்சில் நாட்டில் உண்டா? அம்மன் கோவில் கொடையானாலும், மாதா கோவில் கொடியேற்றானாலும், கல்யாணமானாலும், கட்சிக் கூட்டமானாலும் முதலில் வந்து இறங்குவது மைக் செட்தான். அப்படி மைக் செட்டோடு வந்து இறங்குகிறவர்களில் ஒருவர் என் தந்தை. தென்னையில் ஏறிக் கூம்புக் குழாயைக் கட்டுவது, வயர் இழுப்பது, வில்லுப்பாட்டு முடியும்வரை பெட்டியின் பக்கத்திலேயே கண் விழித்து உட்கார்ந்திருப்பது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் உழைத்த கூலியில்தான் நான் கல்லூரி வாசலை மிதித்தேன். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்.

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பெருக்கி இருக்கிறது. டிரான்சிஸ்டர் பெட்டிகள் வந்தபின் முதலாளி வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி வந்தது. பெரிய வால்வு இரண்டு, சிறிய வால்வு இரண்டு. சுவிட்சைப் போட்டதும் பேசாது. அரை நிமிடம் யோசிக்கும். பிறகு மெல்லச் செந்நிறமாகி, தூசி கருகும் ஒரு வாசனையோடு உறுமத் தொடங்கும். சிறு வயதில் அந்த வாசனை வந்தால் எங்கோ திருவிழா என்று பொருள்.

இந்தப் பழங்கதையை நான் எழுதக் காரணம், சென்ற டிசம்பரில் எங்கள் ஊர் ஆலயத்தில் நடந்த ஒரு சிறு விவகாரம். கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். கிதாரில் எனக்கு முதல் ஸ்வரக்கட்டைக் கற்றுத் தந்தவர் அவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய விலைக்கு வாங்கிய சிறிய வால்வுப் பெருக்கி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். இளமஞ்சள் பெட்டி, பழைய காலத் தொலைக்காட்சியைப் போன்ற முகம். பெயர் வாக்ஸ் ஏ.சி.4 டி.வி. வீட்டுக்குக் கான்கிரீட் போடப் பணம் தேவைப்பட்டதால், அதைப் பாடகர் குழுவே வாங்கிக்கொள்ளட்டும் என்றார். அவர் கேட்ட தொகை குழுவின் சேமிப்பில் பாதிக்கு மேல் வரும். அது மூன்று ஆண்டுக் கேரல் பணம். குளிரில் வீடு வீடாய்ப் பாடிச் சேர்த்தது.

குழுவின் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஒருவர் என்னைப் பார்த்து, "நீ பிசிக்ஸ்தானே படிக்கிறாய்? படித்த பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்" என்றார். தேர்வில் கேள்வி வந்தால் தப்பாக எழுதலாம், மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். இங்கே தப்பாகச் சொன்னால் ஊர்ப் பணம் போகும். சரியாகச் சொன்னால் அண்ணனின் கான்கிரீட் நிற்கலாம். ஒரு வாரம் தவணை கேட்டேன்.

முதலில் அந்தப் பெட்டியின் பூர்வீகத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் கென்ட் கவுண்டியின் டார்ட்ஃபோர்டு நகரில் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் நடத்திய இசைக்கருவி நிறுவனம் வாக்ஸ் என்ற பெயரில் பெருக்கிகளைச் செய்தது. அவற்றை வடிவமைத்தவர் டிக் டென்னி. பீட்டில்ஸ் குழுவினர் மேடையில் வைத்திருந்தது இந்தக் குடும்பத்துப் பெரிய பெட்டியைத்தான். ஏ.சி.4 அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. 1960களின் தொடக்கத்தில் கிதார் கற்கும் மாணவர்களுக்காக, மலிவாக விற்கப்பட்டது. ஒலி ஆற்றல் வெறும் 4 வாட். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, வால்வுகள் ஓய்ந்தன, நிறுவனம் பல கை மாறி 1992இல் ஜப்பானின் கோர்க் நிறுவனத்திடம் சேர்ந்தது. 2009இல் ஏ.சி.4 என்ற பெயர் மறுபடி கடைக்கு வந்தது. அண்ணன் கொண்டு வந்தது இந்தப் புதிய பிறவி.

பெயர் திரும்பி வந்தது சரி, பெட்டி திரும்பி வந்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வால்வு என்பது என்ன என்று கொஞ்சம் பார்த்தாக வேண்டும். நம் பாடத்திட்டத்தில் இப்போது அது ஓரமாகத்தான் வருகிறது.

காற்றை நீக்கிய கண்ணாடிக் குழலுக்குள் ஒரு கேதோடு. அதை உள்ளிருக்கும் இழை சூடாக்குகிறது. சூடேறிய கேதோடு எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. எதிரே ஆனோடு எனும் தகடு, சில நூறு வோல்ட் நேர் மின்னழுத்தத்தில் நின்று அவற்றை இழுக்கிறது. 1904இல் ஃபிளெமிங் செய்தது இவ்வளவே. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே கிரிட் என்னும் ஒரு கம்பி வலையை வைத்தார். பேச்சிப்பாறை அணையின் ஷட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஷட்டரைத் திருப்புவது ஒரு மனிதனின் கை. ஆனால் அந்தக் கையசைவுக்கு ஏற்பக் கூடுவதும் குறைவதும் கால்வாய் நிறைய ஓடும் வெள்ளம். கிதார்க் கம்பி அதிரும்போது அதன் கீழுள்ள காந்தச் சுருளில் பிறப்பது ஒரு வோல்ட்டில் ஒரு சிறு பங்கு. அதுதான் கை. கிரிட் ஷட்டர். ஆனோடு மின்னோட்டம் வெள்ளம்.

இந்த உவமையை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். ஒலி அலை மேலும் கீழும் ஆடுவது. ஆகவே ஷட்டரைப் பாதி திறந்த நிலையில் வைத்தால்தான் இரு பக்கமும் ஆட இடம் கிடைக்கும். முழுதும் மூடிவிட்டால் அதற்குமேல் நீர் குறையாது. முழுதும் திறந்துவிட்டால் அதற்குமேல் கூடாது. கையை மிக அகலமாக ஆட்டினால் இந்த இரண்டு எல்லைகளிலும் அலையின் தலையும் காலும் நசுங்கும். ஏ.சி.4 போன்ற சிறிய பெட்டியில் கடைசி வால்வு ஒன்றே ஒன்று. மேல் எல்லையும் கீழ் எல்லையும் அதில் ஒரே தூரத்தில் இருப்பதில்லை. ஆகவே ஒரு பக்கம் முதலில் மெல்ல நசுங்கும், மறுபக்கம் பிறகு. அலை இப்படிச் சமச்சீர் கெட்டு நசுங்கும்போது இரட்டைப்படை மேற்சுரங்கள் பிறக்கின்றன. இரண்டாம் மேற்சுரம் என்பது மேல் ஸட்ஜமேயன்றி வேறல்ல. அபசுரமாகத் தோன்றாமல், நாதம் தடித்தது போலத் தோன்றும். பல டிரான்சிஸ்டர் பெட்டிகள் எல்லையைத் தொடும்வரை சுத்தமாக ஒலித்து, தொட்டதும் இரு பக்கமும் ஒரே நேரத்தில் கத்தி வைத்தது போல் வெட்டும். அப்போது எழும் ஒற்றைப்படை மேற்சுரங்களைக் காது அவ்வளவு எளிதில் மன்னிப்பதில்லை. வால்வுக்குக் கிதார்க்காரர்கள் பாடும் துதியின் அறிவியல் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் எல்லைக்கு வெகு கீழே, மெதுவாக வாசிக்கும்போது, நல்ல டிரான்சிஸ்டர் பெட்டிக்கும் நல்ல வால்வுப் பெட்டிக்கும் பெரிய பேதம் இருக்கக் காரணமில்லை.

அண்ணனின் பெட்டியில் இரண்டு வால்வுகள். ஒன்று ஈ.சி.சி.83, மற்றது ஈ.எல்.84. இந்தப் பெயர்கள் என் தந்தைக்கு மனப்பாடம். கட்டிலுக்கு அடியிலுள்ள பெட்டியிலும் சிறிய இரண்டும் ஈ.சி.சி.83தான். ஆனால் அந்த எழுத்துகளுக்குப் பொருள் உண்டென்று அவருக்குத் தெரியாது. ஈ என்றால் இழைக்கு 6.3 வோல்ட், சி என்றால் டிரையோடு, சி இரண்டு முறை வந்தால் ஒரே குழலில் இரண்டு டிரையோடுகள், எல் என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் ஆற்றல் பென்டோடு என்று நான் படித்ததைச் சொன்னேன். முப்பது ஆண்டுகள் கையாண்ட பெயரின் பொருளை அன்றுதான் கேட்டவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ஈ.எல்.34-ம் அதே ஜாதிதானடே?" என்றார். சரியான விடை. நமது ஆய்வகத்தில் அவர் படித்திருக்க வேண்டியவர் என்று எனக்குத் தோன்றியது.

1960களின் ஏ.சி.4இல் நான்கு வால்வுகள் இருந்தன. முதற்படியில் ஈ.எஃப்.86 என்ற பென்டோடு, ஒலியை நடுங்கவைக்கும் சுற்றுக்கு ஒரு ஈ.சி.சி.83, கடைசியில் ஈ.எல்.84, மாறுமின்னோட்டத்தை நேராக்க ஈ.இசட்.80. புதியதில் முதற்படி வேறு. நடுக்கச் சுற்று இல்லை. அலைதிருத்தும் வேலையைச் சிலிக்கான் டயோடுகள் செய்கின்றன. ஸ்பீக்கரும் 8 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகிவிட்டது. மிஞ்சியிருப்பது ஒற்றை ஈ.எல்.84, 4 வாட், ஒரு பெயர். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பதில்லையா, அதுபோல. பேரன் நல்லவனாக இருக்கலாம், ஆனால் அவன் தாத்தா அல்ல. பழைய பெட்டியே திரும்பி வந்துவிட்டது என்று எண்ணிப் பணம் கொடுப்பவர் பெயருக்குத்தான் பணம் கொடுக்கிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பழையதில் இல்லாத ஒரு வசதி புதியதில் உண்டு. 4 வாட், 1 வாட், கால் வாட் என்று ஆற்றலைக் குறைக்கும் ஒரு திருகு. வால்வை அதன் எல்லைவரை ஓட்டினால்தான் அந்தத் தடித்த நாதம் வரும். ஆனால் எல்லைவரை ஓட்டினால் அயல்வீட்டார் சண்டைக்கு வருவார்கள். அதற்காகத்தான் இந்தத் திருகு. 4 வாட்டிலிருந்து கால் வாட் என்றால் பதினாறில் ஒரு பங்கு. டெசிபல் கணக்கில் 12 மட்டும். ஒலி பாதியானதாகக் காது உணர ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும் என்பார்கள். எனவே கால் வாட்டும் வீட்டுக்குள் போதும் போதும் என்றிருக்கும் என்பதை அண்ணன் வீட்டுப் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இனி சோதனை. துறைப் பேராசிரியரின் அனுமதியோடு பெட்டியைப் பேருந்தில் மடியில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டு வந்தேன். அலையியற்றியிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையைச் சிறிய அளவில் உள்ளே கொடுத்து, ஸ்பீக்கரின் இரு முனைகளைச் சி.ஆர்.ஓ.வில் இணைத்தேன். ஸ்பீக்கரைக் கழற்றவில்லை. வால்வுப் பெட்டியைச் சுமையின்றி ஓட்டினால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கருகக்கூடும் என்பது தந்தை சொல்லி அனுப்பிய எச்சரிக்கை. திரையில் அழகான சைன் அலை. ஒலித்திருகை மெல்லக் கூட்டினேன். உச்சியிலிருந்து உச்சிவரை 18 வோல்ட் வந்தபோது அலையின் ஒரு பக்கம் தட்டையாகத் தொடங்கியது. மறுபக்கம் இன்னும் உருண்டையாகவே இருந்தது. புத்தகத்தில் படித்த சமச்சீரின்மை கண்முன் நிற்கக் கண்டு சத்தம் போட்டுவிட்டேன். ஆய்வக உதவியாளர் ஷாக் அடித்துவிட்டதென்று ஓடி வந்தார்.

18 வோல்ட்டை 2.83ஆல் வகுத்தால் ஆர்.எம்.எஸ். மதிப்பு 6.36 வோல்ட். ஸ்பீக்கர் 16 ஓம். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுக்க, இரண்டரை வாட். அதாவது நான்கு வாட் பெட்டியில் சுத்தமான ஒலி இரண்டரை வாட்வரைதான். மீதி ஒன்றரை வாட் நசுங்கிய அலையோடு வருவது. ராக் இசைக் கிதார்க்காரர் விலை கொடுத்து வாங்குவது இந்த ஒன்றரை வாட்டைத்தான். ஞானப்பாட்டுக்கு வேண்டியதோ அந்த இரண்டரை வாட்.

சனிக்கிழமை ஒத்திகை முடிந்தபின் ஆலயத்திலேயே வாசித்துப் பார்த்தோம். கிதார் தனியாக ஒலித்தபோது எல்லாருக்கும் பிடித்திருந்தது. குழு முழுவதும் பாடத் தொடங்கியதும் கிதார் காணாமற் போயிற்று. திருகைக் கூட்டினோம். கிதார் கேட்டது, ஆனால் உறுமலோடு. ஆர்கன் வாசிக்கும் டீச்சர் வாசிப்பை நிறுத்திவிட்டு, "இது ரிப்பேரா தம்பி?" என்று கேட்டார். ரிப்பேர் இல்லை டீச்சர், இதுதான் இதன் சிறப்பு என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. டிரம்ஸ் வாசிக்கும் பையன்கள் மட்டும் அந்த உறுமல்தான் வேண்டும் என்று வாதாடினார்கள். ஸ்பீக்கரின் முன் ஒரு மைக்கை வைத்து ஆலய ஒலிபெருக்கியில் கொடுத்தபோது மட்டும் பெட்டியைக் குறைந்த ஒலியில் வைத்தே கிதார் தெளிவாகக் கேட்டது. அப்படியானால் மைக் ஒன்று, மிக்சரில் ஒரு வழி, இரண்டும் வேறு வேண்டும்.

வாட்டை மட்டும் வைத்து ஒலியை அளக்க முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 40 வாட் பெட்டி 4 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தமாக இராது. 10 டெசிபல் கூடுதல், காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு, அவ்வளவே. தந்தையின் பழைய பெட்டி அடுத்த ஊர்வரை கேட்டதற்குப் பாதிக் காரணம் கூம்புக் குழாய். சாதாரணக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர் வாங்கும் மின்னாற்றலில் நூற்றுக்குச் சில பங்கையே ஒலியாக்கும். கூம்புக் குழாய் அதைவிடப் பல மடங்கு ஒலியாக்கும். அந்தக் குழாய்களால் நம் ஊர்களில் எத்தனை பேர் தூக்கம் கெட்டது என்பது தனிக் கட்டுரைக்குரியது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்குமேல் அவற்றின் வாயைக் கட்டியது நியாயமே என்பதை மைக் செட்காரர் மகனாகிய நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஒத்திகை அன்று தந்தையும் வந்திருந்தார். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஈ.எல்.84. கண்ணாடியில் பெல் என்ற முத்திரை. பெங்களூரில் 1954இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வானொலி வால்வுகளைச் செய்தது. நம் நாட்டு வானொலிப் பெட்டிகளும் பெருக்கிகளும் அவற்றால் பேசின. இப்போது அங்கே அவை செய்யப்படுவதில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கையிருப்பு வால்வுகளை வெளிநாட்டுக் கிதார்க்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். டார்ட்ஃபோர்டு பெயரைச் சுமக்கும் பெட்டியில் பெங்களூர் வால்வு பொருந்துமா? பொருந்தும், ஈ.எல்.84 எங்கே செய்தாலும் ஒன்பது கால்தான். பிளக்கைப் பிடுங்கி, வால்வு ஆறி, மின்தேக்கிகள் இறங்கும்வரை காத்திருந்து மாற்றினோம். (அணைத்த பெட்டிக்குள்ளும் உயிரை எடுக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். தோழர்கள் யாரும் விளையாட்டாகத் திறக்க வேண்டாம்.)

"நம்ம வால்வு சத்தம் தனி மக்கா, கேட்டதும் சொல்லிருவேன்" என்றார் தந்தை. அண்ணனும் அதையே சொன்னார். இருவரையும் திரும்பி உட்கார வைத்து, எந்த வால்வு என்று சொல்லாமல் நான்கு முறை வாசித்துக் காட்டினேன். தந்தை இரண்டு முறை சரி, இரண்டு முறை தப்பு. அண்ணனும் அப்படியே. காசைச் சுண்டிப் பார்த்தாலும் இதே விடை கிடைத்திருக்கும். தந்தை அதை ஒப்புக்கொள்ளவில்லை. மேலே ஓடிய மின்விசிறியின் மேல் பழி போட்டார். நான்கு முறை என்பது மிகக் குறைவான சோதனை என்பதும் உண்மை. ஆயினும் என் கருத்து இதுதான்: அந்த நாதம் ஒற்றை வால்வை எல்லையில் ஓட்டும் சுற்றிலும் ஸ்பீக்கரிலும் இருக்கிறது. கண்ணாடியின் மேலுள்ள முத்திரையில் இருப்பது சிறு பங்கு.

பராமரிப்பையும் விசாரித்தேன். வால்வு தேயும் பொருள். புதிய ஈ.எல்.84 இன்று ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வரவேண்டும். வால்வைக் கையால் தொட்டுப் பழகிய மெக்கானிக்குகளில் தந்தைக்குத் தெரிந்த ஒருவர்தான் இன்னும் கடை திறக்கிறார், அவருக்கும் கண் மங்கிவிட்டது. எங்கள் ஊர் கடலிலிருந்து கூப்பிடு தூரம், உப்புக் காற்று வால்வின் கால்களையும் சாக்கெட்டையும் பச்சை பிடிக்கச் செய்யும். இன்னொன்று முக்கியமானது. அண்ணன் வீட்டில் முதல் நாள் கிதார்க் கம்பியைத் தொட்டபோது விரலில் சுருக்கென்றது. வீட்டு வயரிங்கில் எர்த் இணைப்பு அறுந்திருந்தது. பெட்டியின் உலோகச் சட்டமும் கிதாரின் கம்பியும் ஒரே இணைப்பில் இருப்பவை. எர்த் இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட எந்தப் பெட்டியோடும் கிதார் வாசிப்பது ஆபத்து. ஆலயத்தின் எர்த்தை முதலில் பாருங்கள் என்றுதான் என் அறிக்கையைத் தொடங்கினேன்.

அறிக்கை ஒரு பக்கம். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வாசித்தேன். பெட்டி பழுதற்றது, நல்லது. தனி ஒருவர் அறையில் வாசிக்கவும், ஒலிப்பதிவு செய்யவும் மிகப் பொருத்தமானது. நாற்பது பேர் பாடும் குழுவுக்கு இதன் சுத்தமான இரண்டரை வாட் தனித்து நின்று போதாது. கேட்கும் தொகை பெட்டிக்கு அதிகமன்று, நம் தேவைக்கு அதிகம். அதைவிடக் குறைந்த செலவில் எர்த்தைச் சரிசெய்து, கிதாரை நேராக ஆலய மிக்சரில் இணைக்கும் சிறு கருவியும் ஒரு நல்ல மைக்கும் வாங்கலாம். இவ்வளவுதான் எழுதியிருந்தேன். வாசிக்கும்போது அண்ணன் இருந்த பக்கம் திரும்பவில்லை.

குழு அப்படியே தீர்மானித்தது. வெளியே வந்ததும் அண்ணன் என் தோளில் கை வைத்து, "சரிடே, உள்ளதத்தான சொன்ன" என்றார். அவர் முகத்தில் கோபமில்லை, ஆனால் அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வழக்கம்போல் வரவுமில்லை. கான்கிரீட் இரண்டு மாதம் தள்ளிப் போயிற்று.

பிப்ரவரியில் அவர் கப்பலுக்குத் திரும்புமுன் பெட்டியோடு வந்தார். வேறு யாரிடமும் விற்கவில்லை. வீட்டில் யாரும் தொடாமல் கிடந்தால் ஈரம் ஏறிவிடும், நீயே வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறையாவது போட்டு வை என்றார். கட்டிலுக்கு அடியில் இப்போது இரண்டு பெட்டிகள். ஞாயிறு மாலை நான் கிதாரை எடுக்குமுன்பே தந்தை சுவிட்சைப் போட்டுவிடுகிறார். அதில் இப்போது இருப்பது பெங்களூர் வால்வு. அதை மாற்ற அவர் விடுவதாயில்லை.